ஒரு மீட்டர் விண்கப்பல், ஒரு வீவக வீடு: எந்த வழியில் கட்டுவது?

கடையில் லேசில் கிடைக்காத அளவில் ஒரு விண்கப்பல் மாடல் வேண்டும் என்று ஆசைப்படுகிற, சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் நமக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. கிட், அதாவது ஒட்டிக் கட்டும் உறுப்புகளாகப் பெட்டியில் வருவதையே வாங்கி அதன்மேல் கூடுதல் வேலை செய்யலாம். ஸ்டைரின் என்ற பிளாஸ்டிக் தகட்டை வெட்டி முழுக்கக் கையால் கட்டலாம். 3டி பிரிண்டரில் துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்டலாம். அல்லது உறுப்புகளுக்கு மூலம் செய்து, சிலிகோனில் அச்செடுத்து, ரெசின் (ஊற்றியபின் இறுகும் திரவ பிளாஸ்டிக்) ஊற்றி, நமக்கு நாமே ஒரு கிட் தயாரித்துக்கொண்டு அதைக் கோக்கலாம்.

எது நல்லது என்று கேட்டால் உடனே வரும் எதிர்க்கேள்வி, "எவ்வளவு செலவழிக்கப் போறீங்க?" என்பதுதான். அடுத்தது, "இதுக்கு முன்னாடி கட்டியிருக்கீங்களா?" இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது கப்பலின் வடிவம். அடுத்தது உங்கள் வீட்டுக் காற்று. இந்த இரண்டுமே நான்கு வழிகளில் இரண்டையாவது கழித்துக் கட்டிவிடும். மிச்சத்தில்தான் பணமும் அனுபவமும் பேசும்.

எவ்வளவு பெரியது

பெரியது என்று நான் சொல்வது முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை. அதற்கு மேலே போனால் படப்பிடிப்புக்கூடத்துச் சமாச்சாரம். ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடருக்காக 1964இல் கட்டிய எண்டர்பிரைஸ் 11 அடிக்கும் சற்று அதிக நீளம், எடை நூறு கிலோவை ஒட்டி. இப்போது அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய வான்வெளி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஆனால் 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில், பார்வையாளர் தலைக்கு மேலே முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போனதே ஸ்டார் டெஸ்ட்ராயர், அது வெறும் மூன்றடி மாடல். 1980இல் அடுத்த படத்துக்குத்தான் எட்டடிக்கு மேல் ஒன்றைக் கட்டினார்கள். ஆகவே "ஒரு மீட்டர்தானா" என்று யாரும் மனம் சுருங்க வேண்டாம். உலகத்தையே வாய்பிளக்க வைத்த கப்பல் அதைவிடக் கொஞ்சம் குட்டை.

கணக்கையும் போட்டுவிடுவோம். கதைப்படி ஸ்டார் டெஸ்ட்ராயரின் நீளம் 1,600 மீட்டர். 1/1600 அளவில் கட்டினால் சரியாக ஒரு மீட்டர் வரும். அந்த அளவில் ஆறடி ஆள் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுவான். தகட்டில் நீங்கள் அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கோடு கீறினால், அது நிஜக் கப்பலில் 80 செ.மீ. அகலப் பள்ளம். கையால் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கோடு ஆழமாகத் தெரிய வேண்டும் என்று அழுத்திக் கீறிவிடுவார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் கப்பல் பொம்மைப் படகாகச் சுருங்கிவிடும். எண்டர்பிரைஸின் கதை நீளம் 289 மீட்டர். 1/350இல் கட்டினால் 82 செ.மீ. சொச்சம். 1/350 போர்க்கப்பல் மாடல்களுக்கு வழக்கமான அளவு என்பதால் ஏணி, கைப்பிடிக் கம்பி, மனித உருவம் எல்லாம் அந்த அளவிலேயே விலைக்குக் கிடைக்கும். சொந்தக் கற்பனையில் கப்பல் வரைகிறவர்கள்கூட இப்படிப் புழக்கத்தில் உள்ள ஓர் அளவைப் பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வடிவம் சொல்வதைக் கேளுங்கள்

விண்கப்பல்களை மூன்று சாதியாகப் பிரிப்பேன். ஆப்பு வடிவம், அதாவது பெரிய பெரிய தட்டை முகங்கள் சேர்ந்தது. உருண்டை வடிவம்: தட்டு, உருளை, கோளம். மூன்றாவது சட்டக வடிவம்: நீண்ட முதுகுத்தண்டில் பெட்டிகளைக் கோத்த மாதிரி இருப்பது.

ஆப்பு வடிவத்தை 3டி பிரிண்டரில் அச்சிடுவது கழுதையைக் கட்டிக்கொண்டு அழுவதுதான். வீட்டுப் பிரிண்டர்களில் பரவலாக இருப்பவற்றின் படுக்கை, அதாவது அச்சு படியும் தட்டு, 25.6 செ.மீ. சதுரம். ஒரு மீட்டர் நீளம், அடியில் 60 செ.மீ. அகலம் உள்ள ஒரு முக்கோணத்தை அதில் அடக்க முகத்துக்குக் குறைந்தது எட்டுத் துண்டு, மேலும் கீழும் சேர்த்துப் பதினாறு. ஒவ்வொரு துண்டும் தட்டையாக, அகலமாக, மெலிதாக இருக்கும். பிளாஸ்டிக் குளிரும்போது மூலை சுருண்டு எழும்புவது இந்த மாதிரித் துண்டுகளில்தான். அரை மில்லிமீட்டர் எழும்பினாலும் பக்கத்துத் துண்டோடு சேரும் இடத்தில் படி தெரியும். இடுக்கை நிரப்பும் புட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து ஒரு சமதளத்தை உண்டாக்குவதற்கு, ஆரம்பத்திலேயே சமதளமாக இருக்கும் ஒரு தகட்டை வாங்கியிருக்கலாமே.

உருண்டைக்கு நேர் எதிர். தகட்டை ஒரு பக்கமாக வளைத்து உருளை ஆக்கலாம். இரண்டு பக்கமும் வளைந்த தட்டோ கோளமோ ஆக்க முடியாது. அதற்கு மரத்தில் கடைந்து எடுக்க வேண்டும், அல்லது சூடாக்கிய பிளாஸ்டிக்கைக் காற்றை உறிஞ்சி அச்சின்மேல் படியவைக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் கடைசல் எந்திரம் வைக்க நினைத்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்ட அதிக நேரம் ஆகாது. இங்கே பிரிண்டர்தான் ராஜா. 1/350 எண்டர்பிரைஸின் தட்டு விட்டம் 36 செ.மீ. சொச்சம், நாலாக வெட்டினால் ஒவ்வொரு கால்பகுதியும் படுக்கையில் சௌகரியமாக உட்காரும். வளைந்த துண்டு தட்டைத் துண்டு அளவுக்குச் சுருளாது. வளைவே அதற்குப் பலம்.

சட்டக வடிவத்துக்கு முதுகுத்தண்டு அலுமினியக் குழாய் அல்லது பித்தளைக் குழாய். அதில் பிளாஸ்டிக்கை நம்பவே கூடாது. குழாயைச் சுற்றி ஒரே மாதிரிப் பெட்டிகள் முப்பது நாற்பது வேண்டியிருக்கும். அச்செடுத்து ரெசின் ஊற்றும் வழி தன் சம்பளத்துக்கு உழைப்பது இங்கேதான்.

வீட்டுக் காற்று

வெளியூர்க்காரர்கள் காட்டும் வேலைமுறைகளைப் பார்த்தால் கார் நிறுத்தும் கொட்டகையில் கட்டுவார்கள், தோட்டத்தில் பெயிண்ட் அடிப்பார்கள். நமக்கு இருப்பது ஒரு படுக்கையறை, ஒரு ஜன்னல், பொது நடைபாதை. நடைபாதையில் ஸ்பிரே அடிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி காயப்போட்ட துணி ஒன்று போதும், உறவு முறிந்துவிடும்.

வெடிகுண்டுப் புகலறைதான் வீட்டிலேயே ஒதுக்குப்புறமான இடம் என்பதால் பலரும் அதைப் பட்டறையாக்கப் பார்க்கிறார்கள். கருவிகளையும் தகடுகளையும் அடுக்கி வைக்க அது அருமையான இடம். பெயிண்ட், தின்னர், ரெசின் வேலைக்கு அது ஆகவே ஆகாது. ஜன்னல் இல்லாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு லாக்கர் வகைப் பெயிண்ட் அடிக்கிறவர் தலைவலியோடு வெளியே வந்தால் அது அதிர்ஷ்டம்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. சாமி மாடத்தில் விளக்கு எரியும். பிரிண்ட்டைக் கழுவும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஆவியும், லாக்கர் தின்னர் ஆவியும் காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகத் தவழ்ந்து பரவும். அவற்றைத் திறக்கிற நேரத்தில் விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் எரியக் கூடாது. அம்மா விளக்கேற்றுகிற நேரத்துக்கு முன்பே மூடியைத் திருகி எடுத்துவைத்துவிடுங்கள்.

அப்புறம் ஈரப்பதம். மழை இல்லாத நாளிலும் விடிகாலையில் 90 சதவீதத்தைத் தாண்டும். பிற்பகலில் 60 வாக்கில் இறங்கும். லாக்கர் ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் வெயில் அடிக்கும் நாளின் பிற்பகல்தான் நல்ல நேரம். காலையிலோ மழை கட்டியிருக்கும்போதோ அடித்தால் பூச்சு பால் படிந்தாற்போல வெளுத்துவிடும். சூப்பர்குளூவுக்கு மட்டும் இந்த ஈரம் ரொம்பப் பிடிக்கும், சட்டென்று பிடித்துக்கொள்ளும். கூடவே ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் படலமும் விடும். வெளியில் தெரியும் இடங்களுக்கும் கண்ணாடிப் பகுதிகளுக்கும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

கிட் வாங்குவதா?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உங்களுக்குப் பிடித்த கப்பல் உங்களுக்கு வேண்டிய அளவில் பெட்டியில் கிடைக்கிறது என்றால் வாங்குங்கள். போலார் லைட்ஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட எண்டர்பிரைஸ் 1/350 அளவு, 82 செ.மீ. உள்ள அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டாமல் அதே கப்பலை அதே அளவில் தகட்டில் தொடங்குவது வீம்பு. மோபியஸ் நிறுவனத்தின் 1/144 டிஸ்கவரியும் ('2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக் கப்பல்) ஒரு மீட்டரை ஒட்டி வரும். சட்டக வடிவப் பிரியர்களுக்கு அது போதும்.

ஸ்டார் டெஸ்ட்ராயர் விஷயம் வேறு. பண்டாயின் 1/5000 கிட் நுணுக்கத்தில் அபாரம், ஆனால் நீளம் 32 செ.மீ.தான். ஸ்வெஸ்டாவின் 1/2700 கிட் 60 செ.மீ. ஒரு மீட்டருக்கு அது எட்டாது. லெகோவின் 2019ஆம் ஆண்டுப் பெட்டி 1.1 மீட்டர் வரும், 4,784 துண்டுகள். பிள்ளைகளோடு உட்கார்ந்து கட்டச் சுகமானது. ஆனால் அது லெகோவாகத்தான் இருக்கும். நாம் பேசும் வேலை அது இல்லை.

வாங்குவதில் உள்ள சிக்கல் விலையைவிடக் காலம்தான். பெரிய விண்கப்பல் கிட்டுகளை நிறுவனங்கள் ஒரு தடவை ஓட்டிவிட்டு நிறுத்திவிடும். மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதற்குள் இணையத்தில் விலை இரட்டிப்பாகும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 2023 முதல் 400 வெள்ளிக்குக் குறைந்த பொட்டலங்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 சதவீதம். பெரிய பெட்டிக்கு அனுப்பும் செலவு சில சமயம் கிட் விலையைத் தொடும்.

தகடு

கையால் கட்டுவதில் எனக்கு இருக்கும் பாரபட்சத்தை ஒளிக்க விரும்பவில்லை. ஆப்பு வடிவக் கப்பலுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்றே நினைக்கிறேன்.

ஸ்டைரினை அறுக்க வேண்டியதில்லை என்பதே வீவக வீட்டில் அதன் பெரிய பெருமை. இரும்பு அளவுகோலை வைத்து, கத்தி நுனியால் லேசாக ஒரு கோடு. அதே கோட்டில் இன்னும் இரண்டு மூன்று தடவை, அழுத்தாமல். பிறகு கோட்டை மேசை விளிம்பில் வைத்து மெல்ல வளைத்தால் "டக்" என்று நேர்க்கோட்டில் முறியும். தூசி கிடையாது, சத்தம் கிடையாது. இரவு பதினொரு மணிக்குக்கூடச் செய்யலாம். முறிந்த விளிம்பில் மெல்லிய வரப்பு ஒன்று எழும்பி நிற்கும். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் அது நூல்போலச் சுருண்டு வந்துவிடும். அதை எடுக்காமல் ஒட்டினால் இரண்டு தகடு சேரும் கோடு எத்தனை புட்டி வைத்தாலும் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

எடை என்று பார்த்தால், மேலே சொன்ன முக்கோணத்தின் இரண்டு முகமும் சேர்ந்து 0.6 சதுர மீட்டர். 2 மி.மீ. ஸ்டைரினில் அது ஒன்றேகால் கிலோ. அதே தோலை பிரிண்டரில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3 மி.மீ. கனத்துக்கு அச்சிட்டால் இரண்டு கிலோவைத் தாண்டும், உள்தாங்கல் தனி. ஹாபி கடைப் பொட்டலங்களில் வரும் தகடுகள் சின்னவை; இந்த வேலைக்கு அவை விலை கட்டாது. பிளாஸ்டிக் தகடு மொத்தமாக விற்கும் இடத்தில் ஹிப்ஸ் என்று கேளுங்கள். அதுவும் ஸ்டைரின் இனம்தான்.

தோல் மட்டும் போதாது, எலும்பு வேண்டும். 3 மி.மீ. அக்ரிலிக்கில் நீளவாட்டு முதுகெலும்பும் குறுக்கு விலாக்களும், ஒன்றுக்குள் ஒன்று செருகும் பள்ளங்களோடு வரைந்துகொண்டு, லேசரில் வெட்டக் கொடுப்பதே சரி. கட்டடக்கலை மாணவர்களின் புண்ணியத்தில் பிராஸ் பசா, பென்கூலன் பக்கம் இந்த வேலைக்குக் கடைகள் உண்டு. கோப்பைக் கொண்டுபோனால் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். பிவிசி நுரைப்பலகையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். லேசர் பட்டால் அதிலிருந்து நச்சு வாயு வரும், எந்திரமும் அரிக்கும். விவரம் தெரிந்த கடையில் வாங்கவே மாட்டார்கள். லேசரில் வெட்டிய அக்ரிலிக் விளிம்பை ஆல்கஹாலால் துடைப்பதும் தப்பு. வெட்டும்போது ஏறிய சூட்டில் விளிம்புக்குள் இறுக்கம் நின்றிருக்கும். ஆல்கஹால் பட்டதும் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடும். சோப்புத் தண்ணீர் போதும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை மலிவுதான், ஆனால் நம் ஊர் ஈரத்தில் ஓரம் ஊதும், ஊதினால் மேலே உள்ள தோல் அலையடிக்கும்.

இந்த வழியின் செலவு பணத்தில் இல்லை, பொறுமையில். கப்பலுக்குப் பெருமையைக் கொடுப்பது அதன் மேல் அப்பும் நுணுக்கத் துணுக்குகள். ஹாலிவுட்காரர்கள் டாங்கி, போர்க்கப்பல், விமானக் கிட்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கிப் பிய்த்து ஒட்டினார்கள். கிரீப்ளி என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். ஒட்டத் தெரிந்தவர் எல்லா இடத்திலும் ஒட்ட மாட்டார். ஒரு பள்ளத்தில் நெருக்கமாக, பக்கத்தில் ஒரு சாண் வெறுமையாக. அந்த வெறுமைதான் கப்பலைக் கிலோமீட்டர் கணக்கில் நீட்டிக் காட்டும். யாரும் பார்த்த உடனே "இது டாங்கிச் சக்கரம்" என்று சொல்லக்கூடிய உறுப்பைத் திருப்பி ஒட்டுங்கள், அல்லது பாதியாக வெட்டுங்கள்.

பிரிண்டர்

சில நூறு வெள்ளிக்கே நல்ல பிரிண்டர் கிடைக்கிறது. அது உருக்கி அச்சிடும் பிளாஸ்டிக் இழை கிலோ இருபது முப்பது வெள்ளி. ஒரு கப்பலுக்கு மூலப்பொருள் நூறு வெள்ளி வாக்கில் அடங்கிவிடும். விலையைப் பார்த்தால் இதுவே ஜெயிக்கும். சும்மா கற்றுப் பார்க்க நினைப்பவர்களுக்குத் தேசிய நூலக வாரியத்தின் மேக்இட் கூடங்கள் சில வட்டார நூலகங்களில் இருக்கின்றன. கப்பல் முழுவதையும் அங்கே அச்சிட முடியாது என்றாலும், நமக்கு இது ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ளப் போதும்.

யாரும் முதலில் சொல்லாத செலவு, தேய்க்கும் வேலை. இழைப் பிரிண்டரின் அடுக்குக் கோடுகள் பெயிண்ட் அடித்த பிறகும் எட்டிப் பார்க்கும். உப்புத்தாளை ஈரப்படுத்தித் தேய்த்தால் தூசி பறக்காது. ஆனாலும் தோளுக்கு ஓய்வு கிடையாது. இழை ஈரம் உறிஞ்சும் என்பதால் திறந்த சுருளை வெளியே விட்டால் ஓரிரு வாரத்தில் அச்சிடும்போது படபடவென்று பொரியும், மேற்பரப்பு முழுக்கப் பொரிப்பொரியாக வரும். மூடிய டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் இங்கே அத்தியாவசியம்.

பிஎல்ஏவின் இன்னொரு குணம்: 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். அந்தச் சூடு நம் வீட்டுக்குள் வராது, வெயிலில் நிறுத்திய காருக்குள் வந்துவிடும். அதற்கும் குறைந்த வெப்பத்திலேயே, எடையைத் தாங்கி நிற்கும் மெல்லிய உறுப்புகள் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்யும். எண்டர்பிரைஸ் மாதிரி இரண்டு எஞ்சின் உருளைகள் ஒல்லிக் கைகளில் நிற்கும் கப்பலில் இதுதான் தலைவலி. 1966இல் ஏஎம்டி வெளியிட்ட பழைய கிட்டில்கூட எஞ்சின்கள் தொங்கிப்போகும் என்பது அந்தக் காலத்திலிருந்தே கட்டுகிறவர்களின் புலம்பல். பிரிண்டில் செய்பவர்கள் அந்தக் கைகளுக்குள் பித்தளைக் கம்பியோ எஃகுக் கம்பியோ ஓடவிட்டு, அதை உடலுக்குள் ஆழமாக இறக்கிவிட வேண்டும். மேலே தெரிவது மட்டும் பிளாஸ்டிக்.

இழைக்குப் பதிலாகத் திரவ ரெசினை ஒளியால் இறுக்கும் ரெசின் பிரிண்டர் சின்ன உறுப்புகளுக்கு ஒப்பற்றது. அடுக்குக் கோடே தெரியாது. ஆனால் ஒரே படுக்கையறையில் தூங்கவும் செய்து அதையும் ஓட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இறுகாத ரெசின் தோலில் படப்படத் திடீரென்று ஒருநாள் ஒவ்வாமை தொடங்கும். தொடங்கினால் பிறகு வாசம் பட்டாலே அரிக்கும். கையுறை கட்டாயம். கழுவிய திரவத்தைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. வெளிச்சத்தில் வைத்து ரெசினை இறுகவிட்டுப் பிரித்து எடுக்க வேண்டும். சமையலறையோடு ஒட்டிய துணி காயப்போடும் இடம் இருந்தால் சரி, இல்லையென்றால் எஞ்சின் வாய்களையும் பீரங்கிகளையும் அச்சிட்டுத் தரும் ஆள்களிடம் கொடுத்துவிடுங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

அச்செடுத்து ஊற்றுவது

ஒரு உறுப்பு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். ஸ்டார் டெஸ்ட்ராயரின் பின்பக்கம் பெரிய எஞ்சின் மூன்று, சின்னது நான்கு. மூன்றுக்காகச் சிலிகோன் வாங்குவது தண்டம். பத்தைத் தாண்டினால் யோசிக்கலாம். சட்டக வடிவத்தின் முப்பது நாற்பது பெட்டிகளுக்கு யோசிக்கவே வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். பாலியூரித்தேன் ரெசின் ஈரத்தோடு வினைபுரிந்து வாயுவைக் கக்கும். திறந்து வைத்த பழைய போத்தலிலிருந்து ஊற்றினால் உறுப்பு முழுக்கக் குமிழி. சின்னப் போத்தலாக வாங்கிச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். அடுத்து, ரெசின் பிரிண்டரில் செய்த மூலத்தின்மேல் பிளாட்டினம் வகைச் சிலிகோனை ஊற்றினால் தொடும் இடம் இறுகாமல் பிசுபிசுத்தே நிற்கும். மூலத்தை நன்றாக இறுக வைத்து மேலே பூச்சு கொடுக்க வேண்டும், அல்லது தகரம் வகைச் சிலிகோனுக்கு மாற வேண்டும்.

அச்சு இருந்தால் நண்பர்கள் "எனக்கும் ஒரு செட்" என்பார்கள். உங்கள் கற்பனைக் கப்பல் என்றால் தாராளமாகக் கொடுங்கள். படத்தில் வந்த கப்பலை விற்கத் தொடங்கினால் உரிமைக்காரர் கதவைத் தட்டலாம். அவர்களில் ஒருவர் ஒருகாலத்தில் நம் பக்கத்திலேயே இருந்தார்: ஒன்-நார்த்தில் ஸ்டார் வார்ஸ் மணல் ஊர்தி வடிவில் 2014இல் திறந்த சேண்ட்கிராலர் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்த, ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிமின் காட்சிமாயக் கூடம் மூடப்படுவதாக 2023இல் அறிவித்துவிட்டார்கள். கட்டடம் என்னவோ இன்னும் பெரிய கிட் மாதிரியே நிற்கிறது.

கலந்து கட்டுவது, கழற்றி வைப்பது

என் முடிவு இதுதான்: ஆப்பு வடிவத்துக்கு அக்ரிலிக் எலும்பு, ஸ்டைரின் தோல், எஞ்சின் வாய்களும் கோபுர உருண்டைகளும் மட்டும் பிரிண்ட். உருண்டை வடிவத்துக்கு, கிட் கிடைக்காதபோது, பிரிண்ட் தோலும் உலோகக் கம்பி எலும்பும். சட்டகத்துக்குக் குழாயும் வார்ப்பும். முழுக்கப் பிரிண்ட் என்பது வேகமாகத் தொடங்கி மெதுவாக முடிகிற வழி. முழுக்கக் கை என்பது மெதுவாகத் தொடங்கிப் பாதியில் நிற்கிற வழி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். கப்பலைக் கிட் போலவே கட்டுங்கள்: ஐம்பது செ.மீ.க்கு மேல் நீளாத நான்கைந்து பகுதிகள், திருகாணியிலும் காந்தத்திலும் பிடித்து, எப்போது வேண்டுமானாலும் கழற்றும்படி. ஒரு மீட்டர் உடலை ஒரே துண்டாக ஒட்டிவிட்டால் ஆவியை வெளியே தள்ளும் ஜன்னலோர ஸ்பிரே பெட்டியில் வைத்துப் பெயிண்ட் அடிக்க முடியாது, புகலறை அலமாரியில் அடங்காது, வீடு மாறும்போது மின்தூக்கியில் அதைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். பகுதிகள் சேரும் கோட்டைத் தோலின் நடுவில் விடாமல் ஏதாவது ஒரு பள்ளத்தின் ஓரத்தில் ஒளித்தால் கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கம்பிகளுக்கும் பகுதிக்கு ஒரு பிளக் வையுங்கள். சிம் லிம் டவரில் வேண்டியது கிடைக்கும். தோலின் உட்பக்கத்துக்கு முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை. கறுப்பைத் தவிர்த்தால் எல்இடி எரியும்போது ஜன்னல் மட்டுமா, கப்பலே மங்கலாக ஒளிரும், பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

சுவரோரம் வைக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. ஸ்மித்சோனியனில் இருக்கும் அந்த எண்டர்பிரைஸை வலப்பக்கத்திலிருந்துதான் படம்பிடித்தார்கள். விளக்குக் கம்பிகள் இடப்பக்கமாக வெளியே வந்தன. அந்தப் பக்கத்தை முழுதாக முடிக்கவும் இல்லை. சுவரைப் பார்க்கும் பக்கத்தில் நீங்களும் கிரீப்ளி ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கம்பி, சுவிட்ச், திருகாணித் தலை எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிடலாம். வேலையில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

எதையும் வாங்கும் முன் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் மவுண்ட் போர்டு வாங்கி, கப்பலின் வெளிக்கோட்டை முழு அளவில் வெட்டி, ஒரு மீட்டரோ எண்பது சென்டிமீட்டரோ, வைக்கப்போகும் இடத்திலேயே ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். தீபாவளிக்கு வீட்டைத் துடைக்கும்போது யாராவது அதைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டால் 1/1600ஐ மறந்துவிட்டு 1/2000 கணக்குப் போடுங்கள். நீளம் 80 செ.மீ. ஆகும், தகடும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும்.